கலைமணியின் கைராசி

கலைமணி கோபக்காரி. இண்டூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள், அதனால் இங்கேயும் அதிலேயே ஆரம்பித்துவிடலாம். பெண்கள் மட்டும் நின்றால் இலவச டிக்கெட்தானே என்று நிறுத்தத்தில் நிற்காமல் போன டவுன் பஸ்ஸை, மறுநாள் காலை நடுரோட்டில் நின்று மறித்தவள். ரேஷனில் பருப்பு தீர்ந்துவிட்டது என்ற ஆளிடம், சரி, காலி மூட்டையைக் காட்டு என்று உள்ளே நுழைந்தவள். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது என்று ஊரில் கேலி பேசுவார்கள். அது காதில் விழுந்தால் அதற்கும் ஒரு சண்டை நடக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற வேலை. சேலம் போகும் நெடுஞ்சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அதன் பின்கட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே செல் வளர்ப்பதுதான் கலைமணியின் உத்தியோகம். மனித உடம்பிலிருந்து என்றைக்கோ எடுத்த செல்களைப் பிளாஸ்டிக் குடுவையில் விட்டு, மீடியா என்கிற இளஞ்சிவப்புத் தீனிநீரை ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். செல்கள் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். குடுவை நிறைந்தால் பிரித்து வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். மாட்டுக்காவது ஒரு வேளை வைக்கோலை அதிகமாகப் போட்டுவிட்டு எங்காவது போகலாம். இதற்கு அதுவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தீனி மாற்றிவிட்டு வருவாள்.

எதற்காக இந்தப் பாடு என்றால், ஒரு புகையோ மருந்தோ தூசியோ நுரையீரலை என்ன செய்யும் என்று பார்க்க உயிருள்ள ஆளைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. ஆளுக்குப் பதிலாக இந்தச் செல். அங்கே இரண்டு வகை இருந்தன. ஒன்று, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து உலகமெல்லாம் பங்கு போட்டுக்கொண்டது. போட்ட இடத்தில் பெருகும், எதற்கும் அசையாது. அதைக் கூடத்தில் புற்றுச் செல் என்பார்கள். மற்றது ஆரோக்கியமான மூச்சுக்குழாயின் உட்சுவரிலிருந்து எடுத்தது. சவலைப் பிள்ளை. சூடு கொஞ்சம் தவறினால் சுருளும், தீனி ஒரு வேளை தவறினால் கழன்று மிதக்கும், குடுவை நிறைய ஒரு வாரம் ஆகும். அதற்கு நல்ல செல் என்று பெயர்.

ஊரில் இதையெல்லாம் யாருக்கு விளக்குவது? கோவிந்தம்மாள் மகள் நுரையீரல் பயிர் பண்ணுகிறாள் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டார்கள். கோவிந்தம்மாளுக்கு அதில் பெருமைதான். அவள் பதினோரு வருஷம் ஊர்க் கரட்டுக் குன்றின் அடியில் இருக்கும் ஜல்லி கிரஷரில் வேலை செய்தவள். கல் உடைந்து பெல்ட்டில் வரும்போது மண்ணாங்கட்டியைப் பொறுக்கி எறிவதும், கீழே சிதறியதை வாரி மறுபடி பெல்ட்டில் போடுவதும் வேலை. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அந்தக் கூலியில்தான் புருஷன் இல்லாமல் ஒற்றை மகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தாள். இரண்டு வருஷமாக வேலைக்குப் போக முடியவில்லை. நாலு படி ஏறினால் நிற்க வேண்டும், இருமல் ஆரம்பித்தால் ஓயாது. டிபி இல்லை என்று இரண்டு தடவை பார்த்துச் சொல்லிவிட்டார்கள். என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கலைமணிக்கு முன்னால் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு பேர் நல்ல செல்லை வளர்த்துப் பார்த்துத் தோற்றுப் போனவர்கள். கலைமணி கையில் அது பிழைத்தது. முதல் வருஷம் மெதுவாகத்தான் வளர்ந்தது. பிறகு ஒரு நாள் என்ன வந்ததோ, கிடுகிடுவென்று வளர ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரத்தில் நிறைகிற குடுவை இரண்டே நாளில் நிறைந்தது. சூடு தவறினாலும் அசையவில்லை. கூடத்துத் தலைவர் பிரபாகர் சார் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, உன் கைராசிம்மா என்றார். அதோடு விட்டாரா? வருகிறவர் போகிறவருக்கெல்லாம், இந்தப் பெண் கை பட்டால் செல் துளிர்க்கும் என்று காட்டினார். மாணவர்கள் புதுக் குடுவை ஆரம்பிக்கும்போது முதல் சொட்டை அக்காதான் விடவேண்டும் என்று வந்து நின்றார்கள்.

இந்தச் சங்கதி ஊருக்கும் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு ராமக்காள் தக்காளி நாற்றுவிட்டபோது முதல் விதையை நீதான் போட வேண்டும் என்று கலைமணியைக் கையோடு கூட்டிப்போனாள். கைராசிக்காரி என்று நாற்றங்காலுக்கு ஒருத்தியை அழைப்பது அங்கே சாதாரணம். நாற்றும் நன்றாகவே வந்தது. கலைமணிக்குத் தலை கால் புரியவில்லை. எதைச் சொன்னாலும் எதிர்க் கேள்வி கேட்கிறவள், இந்த ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டாள். சவலைப் பிள்ளை ஒரே வாரத்தில் மல்லனாகிறது என்றால் படித்தவள் என்ன நினைக்க வேண்டும்? அவள் தன் கையை நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கிரஷர் தூள் வந்தது. கிரஷர் முதலாளி மாயவன், ஊரில் இரண்டாவது கிரஷர் போட மனுக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இடம். ஊர்க்காரர்கள் தூசி, இருமல் என்று எதிர் மனுப் போட்டார்கள். தூசி கெடுதலா இல்லையா என்பதை அறிவியல் சொல்லட்டும் என்று மாயவனே இரண்டு சாக்குத் தூளைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். அவருக்கும் கல்லூரி நிர்வாகத்துக்கும் நல்ல பழக்கம்.

கலைமணி தன் தாய் அங்கே வேலை செய்தவள் என்று பிரபாகர் சாரிடம் முதலிலேயே சொன்னாள். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றும் சொன்னாள். நல்ல செல்லை வேறு யாரால் கையாள முடியும் என்றார் அவர். சரியென்று செய்தாள். தூளைச் சலித்து, மாவை விட நைசானதை மட்டும் எடுத்து, தீனிநீரில் கலந்து, குழிக்குழியான ஒரு பிளாஸ்டிக் தட்டில் வரிசையாக விட்டிருந்த செல்லின் மேல் வெவ்வேறு அளவில் ஊற்றினாள். ஒரு நாள் கழித்து மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கிற செல் அந்த மஞ்சளை ஊதாவாக்கும். செத்தது ஒன்றும் செய்யாது. தட்டு முழுக்க ஊதாவாக நின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று செல் உயிரோடு இருந்தது.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி செய்தாள். மூன்றாம் தடவையும் செய்தாள். அதே ஊதா. வீட்டில் தாய் இருமுகிற சத்தம் காதிலேயே இருந்தது, ஆனால் காது சொல்வதை அறிக்கையில் எழுத முடியாது. எண் எது சொல்கிறதோ அதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அம்மாவுக்கு வேறு ஏதோ நோய் போலிருக்கிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

ஒரு வாரத்தில் அந்த அறிக்கை ஊர் டீக்கடைச் சுவரில் இருந்தது. பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். மனித நுரையீரலின் இயல்பான செல்கள் மீது சோதித்ததில் கிரஷர் தூளால் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. கீழே பிரபாகர் பெயர், அதற்கும் கீழே கோ. கலைமணி, எம்.எஸ்சி. அவளுடைய பெயரை மட்டும் சிவப்பில் கோடிட்டிருந்தார்கள். உங்கள் ஊர்ப் பெண்ணே சொல்லிவிட்டாள், பிறகென்ன என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கோவிந்தம்மாள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். படிக்கத் தெரியாதவள், யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போடுவாள் என்று கலைமணி எதிர்பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலாம்.

"ஏங்கண்ணு, நீ பாத்துச் சொன்னா செரியாத்தான் இருக்கும்," என்றாள் கோவிந்தம்மாள். "அப்ப எனக்கு இது எதுல வந்துது?"

ஊரையே வாயடைக்கிறவள், பெற்றவள் கேட்ட கேள்விக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் மேல் கோபம் என்று தெரியாமல் வருகிற கோபம்தான் கோபத்திலேயே மோசமானது. அன்று அவளுக்கு வந்தது அதுதான்.

மறுநாள் கூடத்துக்குப் போய்க் குடுவையை நுண்ணோக்கியில் வைத்தாள். நூறு தடவை பார்த்த செல்தான். ஆனால் அன்றுதான் தன் கையை மறந்துவிட்டுச் செல்லை மட்டும் பார்த்தாள். அது பார்க்க எப்படி இருந்தது என்றால், பக்கத்துக் குடுவையில் இருக்கிற புற்றுச் செல் மாதிரியே இருந்தது. பழைய குறிப்பேடுகளை எடுத்துக் கீழே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். செல் வேகம் பிடித்த வாரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கித் தேடினாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் விரல் நின்றது, ஊர் மாரியம்மன் பண்டிகை வாரம்.

தீனிநீரில் கலக்கும் சீரம் என்ற சத்து விலை ஏறிவிட்டது என்று இரண்டு வகைச் செல்லுக்கும் ஒரே தீனிநீர்ப் பாட்டிலைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தார் பிரபாகர். எந்தக் கூடத்திலும் செய்யக்கூடாத காரியம். ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில், ஒன்றைத் தொட்ட உறிஞ்சுகுழாய் மற்றதைத் தொடக்கூடாது. கலைமணி அப்போதும் அவரிடம் சண்டை போட்டாள், பிறகு குறைந்தபட்சம் குழாயையாவது மாற்றி மாற்றிச் செய்துவந்தாள். ஆனால் அந்த ஒரு நாள் மாவிளக்கு எடுக்கும் நேரத்துக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். முதலில் புற்றுச் செல்லுக்கு ஊற்றினாள். அதே குழாயைப் பாட்டிலில் விட்டு நல்ல செல்லுக்கும் ஊற்றினாள். குறிப்பேட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: இரண்டுக்கும் ஒரே குழாய், நேரமில்லை.

நாலு புற்றுச் செல் போனால் போதும். நல்லது ஒன்று இரண்டாகிற நேரத்தில் அது எட்டாகும். இரண்டு மாதத்தில் நல்ல செல் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். குடுவை மேல் பெயர் மட்டும் பழைய பெயர். கைராசி என்று அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்களே, அவள் வளர்த்துக் கொண்டிருந்தது புற்று. எந்த நச்சையும் தாங்கிக்கொண்டு பிழைக்கிற செல்லின் மேல் தூளைக் கொட்டிவிட்டு, பார், சாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சீ, என்ன பிழைப்பு என்று வாய்விட்டே சொன்னாள். தன் இரண்டு கையையும் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேச முடியாது. செல்லுக்கும் அடையாளச் சோதனை உண்டு, டி.என்.ஏ.வை வைத்து இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள். யாரிடமும் கேட்காமல் தன் செலவில் பெங்களூரில் ஒரு சோதனைக்கூடத்துக்குச் செல்லில் ஒரு துளி அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது. குடுவையில் இருப்பது முழுக்கப் புற்றுச் செல். நல்ல செல்லின் தடயம்கூட இல்லை.

பதிலை அச்செடுத்துக்கொண்டு பிரபாகர் சார் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. காகிதத்தை இரண்டு முறை படித்தார், முகம் வாடியது. கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். உலகம் பூராவும் இது நடக்கிறது, பெரிய பெரிய கூடங்களிலேயே பல வருஷம் தப்பான செல்லை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்றார். அது உண்மைதான். புதுச் செல் வாங்கலாம், கூட்டமெல்லாம் முடிந்தபிறகு அமைதியாக மறுபடி செய்து பார்க்கலாம் என்றார். கூட்டம் என்றால் இரண்டாவது கிரஷருக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அது முடிந்து அனுமதி கொடுத்தபிறகு மறுபடி செய்து யாருக்குக் காட்டுவது?

"சார், ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கணுங்க," என்றாள்.

"ரெண்டுமே நுரையீரல் செல்தானேம்மா? நாம பொய் ஒண்ணும் எழுதலியே."

"இயல்பான செல்லுன்னு எழுதியிருக்குதுங்க சார். அதை நம்பித்தான எங்கூருக்காரங்க வாயை மூடிட்டாங்க."

அவர் காகிதத்தை மடித்து அவள் பக்கமே நகர்த்தினார். பிறகு, தப்புச் செய்த கை யாருடையது என்று குறிப்பேட்டில் தெளிவாக இருக்கிறது, அது வெளியே போனால் போவது கல்லூரி மானம் மட்டுமல்ல, உன் வேலையும்தான் என்று மெல்லிய குரலில் சொன்னார். இரைந்து சொல்லியிருந்தால் கலைமணியும் இரைந்திருப்பாள். அக்கறையாகச் சொல்கிற மிரட்டலுக்கு எப்படிப் பதில் சொல்வது? எழுந்து வந்துவிட்டாள். ஓசூரில் வேலையில் இருந்த கணவன் மாதேஷுக்கு போன் போட்டாள். அவனும், ஊருக்கெல்லாம் நீ ஒருத்திதான் கேள்வி கேட்க வேண்டுமா என்றான். போனை வைத்துவிட்டாள்.

அவளிடம் ஒன்று மிச்சம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தப் பொது பாட்டில் வருவதற்கு முன்னால், நல்ல செல்லைக் கொஞ்சம் நைட்ரஜன் கேனில் உறைய வைத்திருந்தாள். ஒரே ஒரு சிறு குப்பி. அதை எடுத்து வெதுவெதுப்பான நீரில் உருக்கிக் குடுவையில் விட்டாள். முதல் வேலையாக அடையாளச் சோதனைக்கு அனுப்பினாள். புதுப் பாட்டில், புதுக் குழாய், அந்தக் குடுவைக்குப் பக்கத்தில் வேறு ஒன்றையும் அண்டவிடவில்லை. ஐந்தாம் நாள் கால் குடுவைகூட நிறையவில்லை. செல் மெதுவாக வளர்வதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அப்போதுதான். வளராதே, ஆனால் கூட்டத்துக்குள் வளர்ந்துவிடு என்று இரண்டையும் ஒன்றாக வேண்டிக்கொண்டாள். பதினாறாம் நாள் ஒரு தட்டுக்குத் தேவையான செல் தேறியது. இது நல்ல செல்தான் என்று பெங்களூரிலிருந்தும் வந்துவிட்டது. மேசைக்கடியில் கிடந்த சாக்கிலிருந்து தூளை எடுத்தாள்.

மறுநாள் மஞ்சள் சாயம் விட்டாள். தூள் விடாத செல் எல்லாம் ஊதாவானது. தூள் விட்ட வரிசையில் பாதிக்கு மேல் மஞ்சளாகவே நின்றது. அவள் அந்தத் தட்டைப் பார்த்து அழவில்லை. பதினோரு வருஷம் என்று மட்டும் நினைத்தாள். இதற்கு ஒரு நாள், அம்மாவுக்குப் பதினோரு வருஷம்.

இன்னும் இரண்டு முறை செய்தால்தான் அது முடிவு. குடுவையில் மீதியை வளரவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை போனபோது கூடத்துக்குப் புதுப் பூட்டு. அலுவலகத்தில் ஒரு மாதம் விடுப்பு என்று கடிதம் கொடுத்தார்கள். குடுவைகள் என்ன ஆயிற்று என்று கேட்டாள். தொற்று வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் நேற்று இரவே நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள். கலைமணி அங்கே வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். கல்லூரி காவலாளி வந்து, அக்கா, வேணாங்க்கா என்று கெஞ்சி வெளியே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். தொற்றாம். அத்தனை சுத்தமாக அவள் வாழ்நாளில் செல் வளர்த்ததில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் இண்டூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் விசாரணைக்கு வந்த அதிகாரி, பக்கத்தில் மாயவன், இன்னொரு பக்கம் பிரபாகர். கீழே ஊர்ச் சனம். அறிக்கையை வாசித்து முடித்ததும் கலைமணி எழுந்து நேரே ஒலிவாங்கிக்குப் போனாள்.

"அந்தக் கையெழுத்து என்னுதுங்க. அந்த ரிப்போர்ட் தப்பு. நான்தான் தப்புப் பண்ணேன்," என்று ஆரம்பித்தாள். ஒரே குழாயில் ஊற்றியதை, புற்றுச் செல் நல்ல செல்லை நெருக்கித் தள்ளிவிட்டு வளர்ந்ததை, கைராசி என்று தான் ஏமாந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பெங்களூர்ச் சோதனைக் காகிதத்தை மேடையில் கொண்டுபோய் வைத்தாள். பிரபாகர் தலை நிமிரவில்லை. அதிகாரி அவரைக் கேட்டபோது, இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மாயவன் கோபப்படவில்லை. அவர் எப்போதும் மரியாதையாகப் பேசுகிற மனிதர். உன் நேர்மையைப் பாராட்டுகிறேன் தாயி என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் செல்லு தப்பு, செரி. எங்க தூளு கெடுதல்னு நிரூபிச்சிருக்கியாம்மா? அதைச் சொல்லு."

கலைமணி ஒரு தட்டைப் பற்றிச் சொன்னாள். பாதிக்கு மேல் செத்ததைச் சொன்னாள். சனம் கைதட்ட ஆரம்பித்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இருங்க. ஒரு தட்டு ஆதாரம் ஆவாதுங்க. மூணு தடவை செஞ்சு மூணும் ஒண்ணா இருந்தாத்தான் சொல்லலாம். மிச்சம் இருந்ததைக் கொதிக்க வெச்சுக் கொட்டிட்டாங்க. அதனால நிரூபிச்சேன்னு நான் சொல்ல மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ராமக்காள் பின்னாலிருந்து, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி என்றாள். சொல்லியிருக்கலாம். யார் கண்டது? ஆனால் உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னதால்தான் இத்தனையும் வந்தது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவை அதைச் செய்ய அவள் தயாரில்லை. ஊரே தன்னை முறைப்பதைத் தெரிந்துகொண்டே நின்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பழைய அறிக்கை ஏற்கப்படாது, வேறு கூடத்தில் புதுச் சோதனை நடக்கட்டும், அதற்கு மூன்று மாதம், அதுவரை இரண்டாவது கிரஷர் பற்றி முடிவு கிடையாது என்றார். இருக்கிற கிரஷர்? அது வழக்கம்போல் ஓடலாம் என்றார். மூணு மாசம் அதே தூளா என்று கலைமணி கத்தினாள். ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். இப்போது கெடுதல் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லையே அம்மா, நீங்களே சொன்னீர்களே என்றார் அதிகாரி. அவள் சொன்னதுதான். அவளுடைய நியாயமே அவள் வாயை அடைத்துவிட்டது.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து கோவிந்தம்மாள் எழுந்தாள். நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து, நடுவில் இரண்டு தடவை நின்று, மேடைக்கு முன்னால் வந்தாள். மூச்சு வாங்கி முடிகிறவரை எல்லாரும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரைப்பு கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஐயா, எனக்கு அந்தச் செல்லு கில்லெல்லாம் தெரியாதுங்க," என்றாள். "நுரையீரல்ல தூளைப் போட்டுப் பாக்கணும், அவ்வளவுதான? பதினோரு வருசம் போட்டு வெச்சது எனக்குள்ள இருக்குது. பொட்டியில வளத்தது இல்லீங்க. இதைப் பாருங்க."

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோவிந்தம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு பத்தாது, மூணு வேணும்னியே கண்ணு?" என்றாள். பிறகு பெண்கள் வரிசையைப் பார்த்தாள். "பெல்ட்டுல நின்னவளுங்கெல்லாம் எந்திரிங்கடி."

முதலில், கோவிந்தம்மாளோடு ஒரு காலத்தில் பெல்ட்டில் நின்ற ராமக்காள் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் முனியம்மாள் என்ற இன்னொரு பழைய கூலிக்காரி. இன்னும் கிரஷரில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் மாயவனைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், அவர்களும் எழுந்தார்கள். இத்தனை பேர் நெஞ்சையும் படம் பிடிக்க வேண்டுமென்றால் எக்ஸ்ரே வண்டிக்கு அதிகாரி தனியாக எழுதிக் கேட்க வேண்டுமே என்றார். எழுதுங்க, அதுக்குத்தான நிக்கறோம் என்றாள் கோவிந்தம்மாள்.

கலைமணி மேடையிலிருந்து ஒரு காகிதத்தைக் கேட்காமலே எடுத்தாள். பெயர், வயது, பெல்ட்டில் எத்தனை வருஷம், இருமல் எப்போதிலிருந்து என்று கோடு போட்டாள். பெல்ட் பக்கமே போகாதவர்களும் வரிசையில் வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க நீங்களும் வேண்டும் என்று பின்வரிசையைப் பார்த்து அதட்டினாள். அவர்களும் வந்தார்கள். முதல் பெயர் கோவிந்தம்மாள், ஐம்பத்திரண்டு, பதினோரு வருஷம் என்று எழுதினாள். எழுதிய பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது, அவ்வளவு அழுத்தம். வேறு காகிதம் வாங்கி மறுபடி முதலிலிருந்து எழுதினாள்.